தானாகத் திறந்துகொண்ட பின்கதவு

கார் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு, எந்த ஒயர் எங்கே போகிறது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதையெல்லாம் இப்போது போனிலேயே படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். வண்டிக்காரர் வந்து பழுதைச் சொல்லும்போது அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதை மட்டும் எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் கடை வைத்திருந்த காலம் முழுக்க அதைத்தான் நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டேன். அதிலும் ஒரு கதவுப் பூட்டு கற்றுக்கொடுத்தது அதிகம்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். அப்போது சின்னக் கார்களில் சென்ட்ரல் லாக் கம்பெனியிலிருந்தே வருவது குறைவு. வெளியே ஒரு செட் வாங்கி நாங்கள்தான் மாட்டிக்கொடுப்போம். டிரைவர் கதவின் குமிழை அமுக்கினால் நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். தூக்கினால் நாலும் விடும். மற்றக் கதவுகளின் குமிழைத் தூக்கினால் அந்தந்தக் கதவு மட்டும் விடும். கதை புரிய இவ்வளவு போதும். நாங்கள் அப்படி மாட்டிக்கொடுத்த ஒரு காரை ஓட்டிக்கொண்டு தேன்மொழி கடைக்கு வந்தார். சின்ன வயசு. வங்கியில் வேலை. கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் அப்பா அம்மாவோடு இருந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை. தேனியில் டாக்டரைப் பார்க்கக் கூட்டிவருவதற்காகவே அந்தக் காரை வாங்கியிருந்தார்.

"அண்ணே, பின்னாடி இடது கதவு ஓடும்போதே தானாத் தெறந்துக்கிருது. மத்த கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கதவைப் பிரித்துப் பார்த்தேன். பூட்டையும் மோட்டாரையும் இணைக்கிற கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் தேய்ந்திருந்தது. அதை மாற்றிப் பூட்டி, வீரபாண்டி வரைக்கும் மேடு பள்ளம் பார்த்து ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தேன். கதவு அசையவில்லை. அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து போன் வந்தது. அந்தப் பெண்ணின் குரலே சரியில்லை.

"உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுகிட்ட மறுபடியும் தெறந்துருச்சுண்ணே. பின்னால பைக்குல வந்தவரு ஒடிச்சுத் திருப்பிக் கீழ விழுந்துட்டாரு. பால் கேனெல்லாம் ரோட்டுல உருளுது. அவருக்கு அடி ஒண்ணும் இல்ல. இனிமே அப்பா அம்மாவ அதுல ஏத்திக்கிட்டுத் தேனி வரைக்கும் என்னால வர முடியாது. நீங்க ஞாயித்துக்கெழம வீட்டுக்கே வந்து பாத்துருங்க."

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவிப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியெல்லாம் அந்தக் கதவுதான் மனதில் ஓடியது. சென்ட்ரல் லாக் பெட்டியிலோ ஒயரிலோ கோளாறு என்றால் நாலு கதவும் சேர்ந்து விட வேண்டும். இங்கே ஒன்றுதான் விடுகிறது. அது போகட்டும், கம்பி தளர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பூட்டு வேறு, சாத்திய கதவைப் பிடித்து நிறுத்துகிற கொண்டி வேறு அல்லவா? பூட்டு விட்டால் கதவு பூட்டாமல் இருக்கும், அவ்வளவுதான். கொண்டியை விட்டு கதவு வெளியே வர வேண்டுமென்றால் யாராவது கைப்பிடியை இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கதவில், திரும்பத் திரும்பத் தானாக நடக்குமா? கொண்டியும் தேய்ந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே சரியாக ஒட்டவில்லை.

வீடு ஊருக்குச் சற்று வெளியே, திராட்சைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. தென்னை மரத்தடியில் கார் நின்றது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தேன்மொழியின் அப்பா முத்தையா உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, கழுத்துவரை பட்டன். கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நானே அவர் பஸ்ஸில் போயிருக்கிறேன். சில்லறை இல்லை என்று யாரையும் கடிந்து பேசாத மனிதர்.

"வாங்க, சாப்பிட்டீகளா?" என்றார்.

சாப்பிட்டுவிட்டேன் என்றேன். கருவிகளை எடுத்து வைப்பதற்குள் மறுபடியும் அதையே கேட்டார். கதவின் உள்பலகையைக் கழற்றும்போதும் கேட்டார். வயதானவர்கள் உபசாரம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை தொடங்குமுன் தேன்மொழியிடம் கேட்டேன். "எந்தெந்த எடத்துல தெறந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

அவர் யோசித்தார். "புதுப்பட்டியில ஒருக்க. அனுமந்தன்பட்டியில. சின்னமனூர்ல ரெண்டு மூணு தடவ. வண்டி மெதுவாப் போறப்பதான் தெறக்குது. நான் முன்னாடி பாத்து ஓட்டுறேன், பின்னால காத்துச் சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரியும்."

"தெறக்கறப்ப யாரு பக்கத்துல இருந்தா?"

"அந்தக் கதவோரம் அப்பா. அவரு பக்கத்துல அம்மா."

தேன்மொழியின் அம்மா பாக்கியத்தம்மா வாசற்படியில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்ப்பதற்குள் சொன்னார். "தானாத்தான் தம்பி தெறக்குது. எங்கன வேணாலும் தெறக்குது. அதுக்கென்ன எடமா காலமா."

கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கையில் வேலை இருக்கும்போது மனது கையின் பக்கம்தான் போகும். கொண்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று உள் கைப்பிடிக் கம்பி, வெளிக் கைப்பிடிக் கம்பி இரண்டையும் விடுவித்தேன். கொண்டியில் தேய்மானமே இல்லை. புதுசு போல இருந்தது. அதை மறுபடி அதன் இடத்தில் பொருத்தினேன், கம்பிகளை மட்டும் இன்னும் மாட்டவில்லை. மோட்டாரையும் மாற்றிப் பார்த்துவிடலாம், எதையும் சந்தேகத்துக்கு விடவேண்டாம் என்று கம்பத்தில் ஒரு கடையைச் சொல்லி, வாங்கிவரத் தேன்மொழியை அனுப்பினேன். அவர் ஸ்கூட்டியில் போனார். காரின் இன்னொரு சாவி அவர் கைப்பையில் போயிற்று. ஒரு சாவி சோதனைக்காகக் காரிலேயே மாட்டியிருந்தது.

பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து பூட்டுகள் விழும் சத்தம், டக்.

ஓடிவந்து பார்த்தால், முத்தையா அண்ணன் பின்சீட்டில் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் பிரித்துப்போட்ட கதவை இழுத்துச் சாத்தி, அந்தப் பக்கம் எட்டி டிரைவர் கதவின் குமிழையும் அமுக்கிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பப் போகிறது என்று நினைத்தார்போல.

நிலைமையைச் சொல்கிறேன். பிரித்த கதவுக்குக் கம்பிகள் இல்லை. உள்ளிருந்தும் இழுக்க முடியாது, வெளியிலிருந்தும் இழுக்க முடியாது. மற்ற மூன்று கதவும் பூட்டிக்கொண்டன. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது. மர நிழல் அதற்குள் நகர்ந்து, காரின் மேல் நேர் வெயில். உள்ளே இருப்பவர் சர்க்கரைக்காரர், மதியச் சாப்பாட்டு நேரம். தேன்மொழிக்கு போன் அடித்தேன். வண்டி ஓட்டுகிறார், எடுக்கவில்லை.

"அண்ணே, வலது பக்கம் அந்தக் குமிழத் தூக்குங்க" என்று கண்ணாடியில் தட்டிச் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தலையாட்டினார், கம்பி இல்லாத கைப்பிடியை இழுத்தார். அது தொளதொளவென்று வந்தது. மறுபடி இழுத்தார். பிறகு பலகை இல்லாத கதவுக்குள் கையை விட்டு எதையோ பிடித்து ஆட்டினார். உள்பலகை கழற்றிய கதவின் தகர விளிம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மணிக்கட்டில் கிழித்து ரத்தம் வந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை. இன்னும் வேகமாக ஆட்டினார். முகம் வியர்த்துவிட்டது.

பாக்கியத்தம்மா உள்ளே ஓடி அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முத்தையா அண்ணன் பக்கத்துக் கண்ணாடியிலேயே போடப் போனார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். கண்ணாடியை உடைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. உடைப்பதென்றால் அண்ணனை விட்டுத் தள்ளி, முன்பக்க வலது கண்ணாடியைத்தான் உடைக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்தில் மிரண்டு கையை இழுத்தால் நரம்பே அறுந்துவிடும். முதலில் அந்தக் கை கதவிலிருந்து வெளியே வர வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. அவரு எதுக்கு அந்தக் கதவையே போட்டு ஆட்டுறாரு?"

அப்போதுதான் பாக்கியத்தம்மா உடைந்தார். அழவில்லை. குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காரைப் பார்த்தபடியே சொன்னார்.

"பூட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. அவுகதான் தெறக்குறாக. ஸ்டாப்பு வந்துருச்சுன்னு தெறக்குறாக. ஆளு எறங்கணும்னு."

புதுப்பட்டி, அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர். தேன்மொழி சொன்ன இடங்கள் என் காதில் வரிசையாக ஓடின. எல்லாம் அவர் வேலை பார்த்த ரூட்டின் நிறுத்தங்கள்.

"அப்ப நீங்க சொல்லுங்கக்கா. உங்க சொல்லுத்தான் அவருக்கு ஏறும். முன் கதவத் தெறக்கச் சொல்லுங்க."

அவர் குழவியைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அருகே குனிந்து, காரின் கூரையில் மெதுவாகத் தட்டினார்.

"கண்டக்டரே, பின்படி ரிப்பேரு. முன்படியில எறக்கம் இருக்கு."

முத்தையா அண்ணன் நிமிர்ந்தார். கதவுக்குள்ளிருந்து கையை எடுத்தார். அந்த முகத்தில் அதுவரை இருந்த பதற்றம் போய், வேலை தெரிந்தவனின் நிதானம் வந்தது. முன்னால் எட்டி, முன்சீட்டு இடது கதவின் குமிழைத் தூக்கி, கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது.

"பாத்து எறங்குங்க. வண்டி நிக்கட்டும்" என்றார்.

கையைக் கழுவி, மருந்து வைத்துத் துணி கட்டி, மோர் கொடுத்து உள்ளே படுக்க வைத்தோம். காயம் ஆழமில்லை. நான் திரும்பி வந்து கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். பாக்கியத்தம்மா நாற்காலியில் உட்காராமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா இப்படி இருக்காக?"

"போன தீவாளிக்கு முன்னாடியே லேசாத் தெரிஞ்சது. வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியாது தம்பி. கார்ல ஏறுனாத்தான். சட்ட நுனியப் பிடிச்சுக்கிட்டேதான் வருவேன். கண்ணு அசந்த நேரம் தெறந்துர்றாக."

"மகளுக்குத் தெரியாதா?"

"அவளுக்குப் பதவி உயர்வு வந்துருக்கு. கோயமுத்தூருக்குப் போடுறாக. இது தெரிஞ்சா போமாட்டா. இவுகளே படிக்க வச்ச புள்ள. இவுகளாலயே அது நிக்கணுமா? அதான் பூட்டு மேல பழியப் போட்டேன். பூட்டுக்கு என்ன, அது பேசவா போகுது."

கீழே கிடந்த திருகுகளைப் பொறுக்கித் துணியில் வைத்தேன்.

தம்பிகளா, இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்தக் கார்களில் பின்கதவின் ஓரத்தில், சாத்தினால் மறைந்துவிடும் இடத்தில், சின்னதாக ஒரு நெம்பி இருக்கும். குழந்தைகளுக்காக வைத்தது. அதைத் தள்ளிவிட்டால் உள் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. விரல் நுனி வேலை. நான் அதைத் தள்ளிவிட்டு, புது மோட்டாரையும் மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கதவு திறக்காது. மகள் கோயமுத்தூர் போவார். எனக்கும் நல்ல பெயர். பாக்கியத்தம்மா அதைத்தான் கேட்டார். "உங்களால முடியும்ல தம்பி? தெறக்காமப் பண்ணிட்டுப் போயிருங்க. அவளுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்."

யாருக்கு இதில் என்ன நஷ்டம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் கார் ஓட்டுவது தேன்மொழி. தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. இன்றைக்குக் கதவு. நாளைக்கு முத்தையா அண்ணன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தால்? உள்ளே புகை வந்து, கதவு ஏன் திறக்கவில்லை என்று தெரியாமல் மகள் தடுமாறினால்? பூட்டு மாட்டுகிறவன், பூட்டு இருப்பதை வண்டிக்காரருக்குச் சொல்லாமல் மாட்டக்கூடாது. இவ்வளவையும் பாக்கியத்தம்மாவிடம் விளக்கவில்லை.

"போட்டு விடுறேன்க்கா. போட்டாகணும். ஆனா உங்க மகளுக்குத் தெரியாமப் போட மாட்டேன். நீங்க சொல்லுங்க. உங்களால முடியலைன்னா நான் சொல்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மேல் கோபம் வந்திருக்கும். நான் கம்பிகளை மாட்டத் தொடங்கினேன்.

தேன்மொழி மோட்டாரோடு வந்தார். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு முத்தையா அண்ணனும் எழுந்து வாசலுக்கு வந்தார். அப்பாவின் கையில் துணிக்கட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்னாச்சு?"

"தகரம் கிழிச்சிருச்சு. ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா.

தேன்மொழி என் பக்கம் திரும்பினார். "பழுது என்னன்னு தெரிஞ்சதாண்ணே?"

நான் பாக்கியத்தம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கழற்றிய திருகுகளை எல்லாம் மாட்டி முடித்தேன். வாயைத் திறந்து நானே சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தபோது அவர் சொன்னார்.

"ஆத்தா, வண்டிய ஓட்டிப் பாக்கணும்ல. தம்பி ஓட்டட்டும். நான் முன்னாடி உக்காந்துக்கிர்றேன். நீ அப்பா பக்கத்துல உக்காரு."

அதற்குமேல் அவரால் முடியாது என்று புரிந்தது. மகளிடம் வாயால் சொல்ல வராத ஒன்றைக் கண்ணால் காட்டிவிட நினைத்தார். நான் மறுக்கவில்லை. தேன்மொழி பார்க்கும்படியே அந்த நெம்பியைத் தள்ளி, "இனி இந்தக் கதவு உள்ளருந்து தெறக்காதும்மா, வெளிய இருந்துதான் தெறக்கும்" என்று சொல்லி, அண்ணனை அந்தக் கதவோரமே ஏற்றிவிட்டு, சாவியைத் திருப்பினேன்.

கம்பம் தாண்டி, தேனி ரோட்டில் புதுப்பட்டி வந்தது. நிறுத்தத்தில் ஆள் நின்றிருந்தார்கள். வேகத்தைக் குறைத்தேன். பின்னால் குமிழ் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு கைப்பிடி இழுபடும் சத்தம்.

"அப்பா, கைய எடுங்க. ஏன் தெறக்குறீக?"

பாக்கியத்தம்மா என் பக்கத்தில் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தேன்மொழியின் முகம் தெரிந்தது. இன்னும் புரியவில்லை, ஆனால் எதையோ அடுக்கிப் பார்க்கிற முகம்.

அனுமந்தன்பட்டியில் மறுபடி மெதுவாகப் போனேன். மறுபடி குமிழ், கைப்பிடி. கதவு வரவில்லை. அவர் ஒருதரம் கதவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் திரும்பி, மரியாதையாக, பழக்கமில்லாத ஒரு பெண்ணிடம் கேட்பதைப்போல் மகளிடம் கேட்டார்.

"நீங்க எங்க எறங்கணும்மா?"

நான் வண்டியை ஓரம் கட்டலாமா என்று பார்த்தேன். தேன்மொழி கண்ணாடியில் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"கடைசி ஸ்டாப்புங்க."

"அப்ப உள்ள தள்ளி உக்காருங்க. ஏறுறவுகளுக்கு எடம் விடணும்ல."

தேன்மொழி தள்ளி உட்கார்ந்தார். உத்தமபாளையம் வரைக்கும் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அம்மாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "தனியாவா பாத்துக்கிட்டு இருந்தீக?" அதற்குப் பிறகு அவர்கள் பேசியதைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மோட்டாரை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

இதை நான் சொல்வதால், வருகிற ஒவ்வொரு பழுதுக்கும் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பூட்டு, பூட்டாகத்தான் கெட்டிருக்கும். ஆனால் பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் பழுது வருகிறது என்றால், பாகத்தை மாற்றிக்கொண்டே போகாமல், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்வது என்பது அதைவிடக் கஷ்டம். பாக்கியத்தம்மாவின் ரகசியத்தை உடைக்க எனக்கு என்ன உரிமை என்று பிற்பாடும் யோசித்திருக்கிறேன். இன்றைக்கும் அதே முடிவுதான் எடுப்பேன் என்று நினைக்கிறேன். சந்தோஷமாக எடுப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

தேன்மொழி கோயமுத்தூர் போனார். தனியாகப் போகவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, அந்தக் காரிலேயே போனார். அடுத்த வருஷம் உறவில் ஏதோ விசேஷத்துக்கு ஊருக்கு வந்த பாக்கியத்தம்மா, தேனியில் பஸ் மாறும்போது என் கடைக்கு வந்து எட்டிப் பார்த்தார். கோபம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அண்ணனைப் பற்றி விசாரித்தேன்.

"அங்க கார்ல தொந்தரவே இல்ல தம்பி. கதவத் தொடுறதே இல்ல."

"நெம்பி போட்டதாலயாக்கா?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. அந்த ஊரு ரூட்டு அவுகளுக்குத் தெரியாதுல்ல. எந்த எடமும் ஸ்டாப்பு இல்ல அவுகளுக்கு."

டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். கம்பம் பஸ் ஒன்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"நிம்மதியாத்தான் வாராக. எங்க போறோம்னு ஒருக்கக்கூடக் கேக்குறதில்ல" என்றார்.